கிளியும் நீங்களே, ஜோசியரும் நீங்களே

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

வயது 31. பெங்களூரில் ஏழு வருடம் சாஃப்ட்வேர் வேலை, கடைசி இரண்டு வருடம் ஒரு டீமுக்கு லீட். கம்பெனி ஆள் குறைத்தபோது வேலை போய்விட்டது, ஊருக்குத் திரும்பிப் பத்து மாதம் ஆகிறது. அப்பாவுக்கு 62. சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய மூன்று ஏக்கரில் ரப்பர், மரப்பட்டையைச் சீவிப் பால் எடுக்கிற பால்வெட்டும் அவரேதான். பதினேழு வயதில் கத்தி பிடித்தவர். புதிதாக வெட்டுப் பழகும் பையன்களைச் சுற்றுவட்டாரத்தில் அவரிடம்தான் அனுப்புவார்களாம், ஊரில் பேரே 'ஆசான்'. அவர் ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுகிறவர். மகள் ஒரு நாள் பயிற்சி வகுப்புக்குப் போய்வந்து, நிறைய வீடியோவும் பார்த்துவிட்டு, வாரம் ஒருமுறை வெட்டினால் போதும், மரத்துக்கும் நல்லது, அப்பாவின் முட்டுவலிக்கும் நல்லது என்கிறார். அப்பா காதிலேயே போட்டுக்கொள்வதில்லை.

இதற்கு நடுவில்தான் டாரட், அதாவது படச் சீட்டு எடுத்துக் குறி சொல்கிற வித்தை, வருகிறது. இரண்டு வருடமாகப் படித்து, இப்போது போனில் மற்றவர்களுக்குப் பார்த்துச் சொல்கிறார், ஒரு தடவைக்கு 300 ரூபாய். அப்பாவுக்கு ஏன் இத்தனை பிடிவாதம் என்று கேட்டு இரண்டு மாதமாகத் தினமும் ஒரு சீட்டு எடுத்திருக்கிறார். எம்பரர், அதாவது சக்கரவர்த்தி சீட்டு, மூன்று தடவை வந்ததாம், அதில் இரண்டு தலைகீழாக. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சித்தப்பா குடும்பம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது, எல்லார் முன்னாலும் சீட்டை விரித்து, இடி விழுந்து உடையும் டவர் சீட்டைக் காட்டி, "இதுதான் அப்பா உங்க ஈகோ, இடி விழுந்தாத்தான் இறங்கும்" என்று சொல்லியிருக்கிறார். அப்பா எழுந்து கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, "எனக்க மரத்தப் பத்தி எனக்குச் சீட்டு சொல்லித் தரணுமா மக்ளே?" என்று மட்டும் கேட்டுவிட்டு வெளியே போய்விட்டார். மூன்று வாரம் ஆயிற்று, மகள் சாப்பிட வருவதற்கு முன்பே அவர் சாப்பிட்டு முடித்துவிடுகிறார். ஜெபக் கூட்டத்துக்குத் தவறாமல் போகும் அம்மாவோ, சீட்டுக்கட்டு வீட்டுக்கு ஆகாது என்று அதை எடுத்து அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டார்.

நான்கு கேள்விகள். அப்பா தன் ஈகோவைத் தானே பார்க்க எந்த ஸ்ப்ரெட், அதாவது சீட்டு விரிக்கும் முறை, போடலாம்? எம்பரர் மூன்று தடவை வந்தது தற்செயலா? அம்மாவை எப்படிச் சமாளிப்பது? பேசாமல் பெங்களூருக்கே போய்விடலாமா?

சரி, உங்களிடமே பேசுகிறேன்.

முதல் கேள்விக்குப் பதில்: அப்படி ஒரு ஸ்ப்ரெட் கிடையாது. இன்னொருத்தர் தன்னைத் தானே பார்க்க நாம் சீட்டு எடுக்க முடியாது. இதைச் சொல்லிவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்திருப்பேன், ஆனால் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி என்னைப் பிடித்து நிறுத்தியது. "நான் திறந்த மனசுக்காரி மேடம், எதையும் ஏற்றுக்கொள்வேன், அவர்தான் மாறவே மாட்டேன் என்கிறார்." அப்புறம் பென்சிலை எடுத்து எண்ணினேன். 'ஈகோ' என்ற சொல் உங்கள் கடிதத்தில் பதினான்கு தடவை வருகிறது. பதினான்கும் அப்பாவுக்கே போய்ச் சேர்ந்திருக்கிறது, ஒன்றுகூட உங்கள் பங்குக்கு வரவில்லை. குற்றம் கண்டுபிடிக்கிறேன் என்று நினைக்க வேண்டாம், என்னிடம் வருகிற எல்லாக் கடிதமும் இப்படித்தான், நான் எழுதினாலும் இப்படித்தான் எழுதியிருப்பேன்.

மூன்று தடவை வந்த எம்பரர்

டாரட் எகிப்திலிருந்து வந்த ஆயிரக்கணக்கான வருட ஞானம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. 15-ம் நூற்றாண்டில் வட இத்தாலியில் பணக்கார வீடுகளில் விளையாடிய சீட்டாட்டம் அது. எகிப்துக் கதையைப் பரப்பியவர் பிரான்ஸைச் சேர்ந்த கூர் தெ ஜெபலன், 1781-ல், எகிப்திய எழுத்துகளைப் படிக்க யாருக்குமே தெரியாத காலத்தில். குறி சொல்லும் வழக்கம் அதை ஒட்டித்தான் அங்கே பிரபலமானது. இன்று பெரும்பாலானோர் கையில் இருக்கிற படங்கள் 1909-ல் லண்டனில் வெளிவந்தவை, ஆர்தர் வெயிட் சொல்லச் சொல்ல பமேலா கோல்மன் ஸ்மித் என்ற பெண் வரைந்தவை. அதனால் அந்தக் கட்டுக்கு மதிப்பில்லை என்று நான் சொல்லவரவில்லை. நல்ல படங்கள்தான். ஆனால் உங்கள் அப்பாவின் கத்தி அனுபவத்தை எதிர்த்து நிறுத்த, பழமை என்கிற பலம் அதற்கு இல்லை.

மூன்று தடவைக்கு வருவோம். ஒரு கட்டுக்கு 78 சீட்டு. தினம் ஒன்று என்று 60 நாள் எடுத்தால், கணக்குப்படி சராசரியாக மூன்று சீட்டுகளாவது மூன்று முறையோ அதற்கு மேலோ வரும், கிட்டத்தட்ட 36 சீட்டுகள் எட்டியே பார்க்காது. நீங்கள் கணினி படித்தவர், ஒரு சின்ன புரோகிராம் எழுதி ஓட்டிப் பாருங்கள். இன்னொன்றையும் யோசியுங்கள். எம்பரர் வந்தால் அப்பா. நான்கு ராஜாக்களில் எவர் வந்தாலும் அப்பா. மதகுரு வந்தால் பழமைவாதி அப்பா, தனியே விளக்கோடு நிற்கும் ஹெர்மிட் வந்தால் யாரோடும் ஒட்டாத அப்பா, நாணயத்தைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருக்கிற சீட்டு வந்தால் விட்டுக்கொடுக்காத அப்பா. வேறு எந்தச் சீட்டு வந்திருந்தால் "சரி, அப்பா சொல்வது நியாயம்" என்று ஒத்துக்கொண்டிருப்பீர்கள்? அந்தச் சீட்டின் பேரை இப்போது சொல்ல முடியுமா?

நம்மூர்த் திருவிழாக்களில் கிளி ஜோசியம் பார்த்திருப்பீர்கள். (கிளியைக் கூண்டில் வைப்பது 1972-ம் வருட வனவிலங்குச் சட்டப்படி குற்றம், அதனால் இப்போது கண்ணில் படுவது குறைவு.) கிளிக்கு ஒன்றும் தெரியாது, ஒரு நெல்மணிக்காக ஒரு சீட்டை இழுத்துப் போடுகிறது. வித்தையெல்லாம் ஜோசியரிடம். உங்கள் முகம், செருப்பு, கழுத்தில் தாலி இருக்கிறதா இல்லையா, கேட்கும்போது குரல் எங்கே தழைகிறது, இதையெல்லாம் பார்த்துக்கொண்டே சொல்வார், கேட்பவர் தலையாட்டுவார். அதிலாவது மூன்று பேர் உண்டு. உங்கள் அறையில் நடந்ததில் கிளியும் நீங்களே, ஜோசியரும் நீங்களே, எதிரே உட்கார்ந்து தலையாட்டினவரும் நீங்களே. பாவம் அப்பா, அவர் அந்தப் பாயிலேயே இல்லை.

1948-ல் அமெரிக்காவில் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் மாணவர்களுக்கு ஒரு பரிசோதனை வைத்து, ஆளுக்கொரு 'தனிப்பட்ட' குணவிவரம் எழுதிக் கொடுத்தார். எவ்வளவு சரி என்று 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னதில் சராசரி 4.3-ஐ ஒட்டி வந்தது. அவர் எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள், பெரும்பாலும் கடையில் விற்கும் ஒரு ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்த வரிகள். உங்களிடம் 300 ரூபாய் கொடுத்துக் கேட்பவர்கள் "அப்படியே என்னைச் சொன்னீங்க" என்று வியக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வியப்புதான் இரண்டு வருடத்தில் உங்களுக்குள் ஒரு நிபுணரை உட்கார வைத்திருக்கிறது என்பது என் ஊகம்.

தெரிந்தது எதுவரை

அருமனைப் பக்கம் என் மாமனார் வீட்டில் கொஞ்சம் ரப்பர் உண்டு. கல்யாணமான புதிதில் ஒருநாள் விளையாட்டாகக் கத்தியை வாங்கி ஒரு மரத்தில் இழுத்தேன். பட்டையை ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவ வேண்டும், உள்ளே ஒரு மில்லிமீட்டர் பட்டை மரத்தோடு ஒட்டி நிற்கும்படி விட வேண்டும், அதுவும் விடியாத இருட்டில், நெற்றி லைட் வெளிச்சத்தில், ஒரே சாய்வில், கால்களைப் பின்னால் எடுத்து வைத்துக்கொண்டே. என் கத்தி உள்ளே போய் வெள்ளை மரம் தெரிந்தது. மாமனார் ஒன்றும் திட்டவில்லை, காயத்தின் மேல் களிமண்ணைக் குழைத்து அப்பினார். அந்த மரத்தில் அந்த இடம் முடிச்சு விழுந்து, பட்டை திரும்ப வளர்ந்த பிறகும் கத்தி அங்கே வழுக்கிக்கொண்டே இருந்தது. 45 வருடமாக ஒரு மனிதர் 500 மரத்துக்கு மேல் இதைச் செய்துகொண்டிருக்கிறார் என்றால், அவர் "எனக்குத் தெரியும்" என்று சொல்வதில் பெரும்பங்கு ஈகோவே இல்லை, வெறும் உண்மை. தனக்குத் தெரிந்ததைத் தெரியும் என்று சொல்கிறவரை அகங்காரி என்று வைத்துவிட்டால், அடுத்து அவர் வாயைத் திறக்கவே மாட்டார்.

ஆனால் அப்பா பக்கமும் ஒரு பிடிவாதம் இருக்கத்தான் செய்கிறது, அதை மறைக்க மாட்டேன். வாரம் ஒருமுறை வெட்டு என்பது யூடியூப் கண்டுபிடிப்பு இல்லை. வெட்ட ஆள் கிடைக்காத நிலையில் ரப்பர் வாரியமே சிபாரிசு செய்கிற முறைதான் அது. வெட்டு குறைவதை ஈடுகட்ட, பால் கூடுதலாக ஒழுகச் செய்கிற எத்திபான் மருந்தைச் சொன்ன அளவில், சொன்ன கால இடைவெளியில் பூச வேண்டும். அளவு தப்பினால் மரம் பால் வற்றி நின்றுவிடும், அப்பா பயப்படுவது இதற்காகவும் இருக்கலாம். அவருடைய 45 வருட அனுபவம் கத்தியைப் பற்றியது, பட்டையைப் பற்றியது, ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டைப் பற்றியது. வாரவெட்டை அவர் ஒரு மரத்தில்கூடச் செய்து பார்த்ததில்லை என்று நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தில் அவரும் புது ஆள்தான். ஒரு விஷயத்தில் சம்பாதித்த மரியாதையை எடுத்துக்கொண்டுபோய்ப் பக்கத்து விஷயத்தில் செலவழிக்கிறாரே, அங்கேதான் தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் ஆரம்பிக்கிறது.

நீங்களும் அதையேதான் செய்கிறீர்கள். ஒரு நாள் வகுப்பு. ஒரு சின்னச் சோதனை சொல்கிறேன். 2002-ல் ரோசன்பிளிட், கெய்ல் என்ற இரண்டு ஆய்வாளர்கள், ஜிப், பூட்டு, கழிவறை ஃபிளஷ் மாதிரி அன்றாடப் பொருள்கள் எப்படி வேலை செய்கின்றன என்பது உங்களுக்கு எவ்வளவு தெரியும் என்று ஆட்களிடம் கேட்டு மதிப்பெண் போடச் சொன்னார்கள். பிறகு படிப்படியாக விளக்கச் சொன்னார்கள். விளக்க ஆரம்பித்ததும் தாங்களே போட்ட மதிப்பெண்ணைத் தாங்களே குறைத்துக்கொண்டார்கள். நீங்கள் ஒரு தாளை எடுத்து, எத்திபான் பூசினால் பால் ஏன் கூடுதல் நேரம் ஒழுகுகிறது, உங்கள் தோட்டத்து மரங்கள் எந்த ரகம், அவற்றுக்கு எந்த அளவு, எந்த மாதத்தில் பூசக்கூடாது என்று எழுதிப் பாருங்கள். எந்த வரியில் பேனா நிற்கிறதோ அதைத்தான் அப்பாவிடம் கேள்வியாகக் கேட்க வேண்டும். இதுவரை நீங்கள் அவரிடம் கேள்வி ஒன்றும் கேட்டதில்லை, தீர்ப்புதான் சொல்லியிருக்கிறீர்கள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனை என்னிடம் ஆலோசனைக்கு அழைத்து வந்தார்கள். நோட்டில் எழுதுவதில்லை, வகுப்பில் கவனம் இல்லை, எப்போதும் போன். முதல் இருபது நிமிடத்திலேயே போன் பழக்கம் என்று முடிவு கட்டிவிட்டேன். பயிற்சிக்கு வந்திருந்த பெண், வயது 23 இருக்கும், "மேடம், அவன் சுவரில் இருக்கிற காலண்டரைக் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறான்" என்றாள். "பதினெட்டு வருஷமா இதைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன் மோளே" என்றேன், சிரித்துக்கொண்டேதான் சொன்னேன், ஆனால் அவள் முகம் சுருங்கியதைக் கவனித்தேன், கவனித்தும் விட்டுவிட்டேன். இரண்டு மாதம் கழித்து அவனுக்குக் கண்ணாடி போட்டார்கள். கரும்பலகை தெரியாத பையன் கைக்கு எட்டுகிற திரையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். பதினெட்டு வருடம் என்னைப் பார்க்க விடவில்லை. அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு இன்னொரு மாதம் ஆனது, அதைச் சொல்ல இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

சீட்டை வைத்துக்கொள்ள விரும்பினால்

வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். படத்தைப் பார்த்து யோசிப்பது கெட்ட பழக்கம் இல்லை, நாமாக யோசித்தால் போகாத இடத்துக்கு ஒரு படம் சில சமயம் தள்ளிவிடும். மூன்று மாற்றங்கள் மட்டும் செய்யுங்கள்.

முதலாவது, அப்பாவைப் பற்றி எடுப்பதை நிறுத்துங்கள். கேள்வி உங்கள் கருத்தைப் பற்றி இருக்கட்டும்: "வாரவெட்டு விஷயத்தில் நான் தப்பு என்றால், எந்த இடத்தில் தப்பு?" சீட்டை எடுப்பதற்கு முன்பே உங்கள் கருத்தையும், எதைப் பார்த்தால் அதை மாற்றிக்கொள்வீர்கள் என்பதையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். எடுத்தபிறகு எழுதினால் சீட்டுக்கு ஏற்றபடி கருத்து வளைந்துவிடும். அப்படி எழுதிக்கொண்டு எடுக்கும்போது, 'தண்டுகள் ஏழு' என்ற சீட்டு வந்தது என்று வையுங்கள். மேட்டில் ஒருவன் தடியோடு நிற்கிறான், கீழேயிருந்து ஆறு தடிகள் நீண்டு வருகின்றன. தைரியம், உறுதி என்று புத்தகம் சொல்லும், நீங்களும் வாடிக்கையாளர்களுக்கு அதைத்தான் சொல்லியிருப்பீர்கள். அவன் காலைப் பாருங்கள், இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பு. அவசரத்தில் சண்டைக்கு ஓடிவந்தவன். நீங்கள் எந்த அவசரத்தில் இந்தச் சண்டைக்குள் வந்தீர்கள் என்று கேட்டு அரைப் பக்கம் எழுதுங்கள்.

இரண்டாவது, வந்த சீட்டை அப்பாவின் வாயால் பேசவிடுங்கள். 'நான்' என்றே ஆரம்பித்து ஐந்து நிமிடம், அவர் குரலில், அவர் நியாயத்தை மட்டும். மகளைத் திட்டுகிற வசனம் வேண்டாம். "எனக்க முட்டு வலிக்கிறது எனக்குத் தெரியும், ஆனா வெட்டு இல்லாத நாளு நான் என்ன செய்வேன்" என்று ஒரு வரி வந்து விழுந்தால் அதைத் தாண்டிப் போகாதீர்கள், அங்கேயே கொஞ்சம் உட்காருங்கள். கிராஸ்மன், க்ராஸ் என்ற இருவர் 2014-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அடுத்தவர் பிரச்சினைக்கு நாம் காட்டுகிற நிதானத்தை நம் சொந்தப் பிரச்சினைக்குக் காட்டுவதில்லை, அதே பிரச்சினையை விலகி நின்று மூன்றாம் ஆள்போலப் பார்க்கச் சொன்னால் அந்த நிதானம் திரும்ப வருகிறது என்று அதில் கண்டார்கள். போனில் முன்பின் தெரியாதவர்களுக்கு நீங்கள் சொல்லும் யோசனையெல்லாம் நல்ல யோசனையாகவே இருக்கும் என்று நம்புகிறேன், சிக்கல் உங்கள் வீட்டு வாசலுக்குள் வரும்போதுதான்.

மூன்றாவது, ஒரே கேள்விக்கு இரண்டாம் தடவை எடுக்கக் கூடாது. பிடிக்காத சீட்டு வந்தால் "சரியாகக் கலைக்கவில்லை" என்று திரும்பக் கலைக்கிற பழக்கம் உங்களுக்கு உண்டா இல்லையா? உண்டு என்றுதான் நினைக்கிறேன். வாரத்துக்கு ஒன்று போதும்.

ஒரு சீட்டை மட்டும் கட்டிலிருந்து நீங்களே தேடி எடுத்துப் பாருங்கள், குலுக்க வேண்டாம். நாணயங்கள் மூன்று. ஒரு கோயில் வளைவுக்குக் கீழே பலகைமேல் ஏறி நின்று ஒரு கொத்தன் வேலை செய்கிறான், கீழே இரண்டு பேர் வரைபடத்தோடு நின்று அவனை அண்ணாந்து பார்க்கிறார்கள். வரைபடம் இவர்கள் கையில், உளி அவன் கையில். உங்கள் வீட்டில் வரைபடம் உங்களிடம் இருக்கிறது, ஆனால் நீங்கள் அண்ணாந்து பார்க்கவில்லை, அவரைப் பலகையிலிருந்து இறங்கச் சொன்னீர்கள்.

காசு வாங்கிப் பார்த்துச் சொல்வது பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் ஒரு வார்த்தை. அங்கே இல்லாத ஆளைப் பற்றி, மாமியார், முன்னாள் காதலன் என்று, சீட்டு எடுத்துச் சொல்லாதீர்கள். உங்கள் வீட்டில் நடந்தது அவர்கள் வீட்டிலும் நடக்கும், அங்கே தீயை வைத்தது நீங்கள் என்று உங்களுக்குத் தெரியவே வராது. நோய், மருந்து, வழக்கு என்று கேட்டால் சீட்டை மூடிவிட்டு டாக்டரிடமோ வக்கீலிடமோ போகச் சொல்லுங்கள். சாக வேண்டும்போல் இருக்கிறது என்று யாராவது சொன்னால் அதற்குச் சீட்டே எடுக்கக் கூடாது. 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலும் பேசலாம். அந்த எண்ணைக் கொடுத்து, அவர்கள் அழைக்கும்வரை கூட இருங்கள்.

அப்பாவிடம் எப்படிப் போவது

தோட்டம் அவர் பேரில், அவர் சம்பாத்தியம். அவர் இருக்கும்வரை எப்படி வெட்டுவது என்பது அவர் முடிவு, சட்டப்படியும் நியாயப்படியும். நீங்கள் கேட்கலாம், கட்டாயப்படுத்த முடியாது. இதை மனதில் ஒத்துக்கொண்டு போனால் உங்கள் குரலே மாறிவிடும்.

மன்னிப்பு முதலில். நாலு பேர் முன்னால் நடந்ததற்கு அறைக்குள் கேட்கும் மன்னிப்பு பாதிதான். அதற்காகத் திரும்ப விருந்து வைத்து எல்லார் முன்னாலும் காலில் விழச் சொல்லவில்லை, அப்பாவுக்கு அதுவும் கூச்சமாக இருக்கும். அவரிடம் தனியாகச் சொல்லிவிட்டு, பிறகு சித்தப்பாவுக்கு நீங்களே போன் செய்து "அன்னைக்கு நான் அப்பாகிட்ட அப்படிப் பேசினது தப்பு" என்று சொல்லிவிடுங்கள். அது எப்படியும் அப்பா காதுக்கு வந்து சேரும். இரண்டு இடத்திலும் 'ஆனால்' என்று ஒரு சொல் வரக்கூடாது. வாரவெட்டுப் பேச்சு அன்றைக்கு வேண்டவே வேண்டாம்.

பிறகு, அவர் மறுபடி உங்களோடு உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தபிறகு, ஓரத்தில் ஒரே வயசு மரமாக இருபது கேளுங்கள். பத்து அவர் முறை, பத்து வாரவெட்டு, ஒரு சீசன் முழுக்க. மருந்து அளவை ரப்பர் வாரிய அலுவலரிடம் கேட்டு அதன்படி மட்டும். மாதம் எவ்வளவு ரப்பர் ஷீட், எவ்வளவு ஒட்டுப்பால் (சிரட்டையில் உறைந்து கிடப்பது), எத்தனை நாள் வேலை என்று எல்லாவற்றையும் எழுதுங்கள், நோட்டுப் பொறுப்பு உங்களுக்கு, கத்தி அவருக்கு. பத்து மரத்தில் வருவதை வைத்து எதையும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்று அவர் சொன்னால், அதுவும் சரியான பேச்சுதான். மாட்டேன் என்றே சொன்னால் விட்டுவிடுங்கள். முட்டுவலியை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டு டாக்டரிடம் கூட்டிப்போங்கள், அதை வாரவெட்டோடு முடிச்சுப் போட்டதால்தான் அவர் வலியைக்கூட உங்களிடம் ஒத்துக்கொள்ளாமல் இருக்கிறார்.

அம்மா, அப்புறம் பெங்களூர்

அம்மாவின் பயம் விசுவாசத்திலிருந்து வருவது, குறி கேட்பதைப் பற்றி அவர் படித்து வளர்ந்த வேதம் சொல்வதை வைத்து வருவது. இத்தாலிய சீட்டாட்டக் கதையைச் சொல்லி அதை மாற்றப் பார்க்காதீர்கள். அவர் வீட்டில் நீங்கள் இருக்கும்வரை அந்தக் கட்டை வெளியே எடுக்காமல் இருப்பது பெரிய இழப்பும் இல்லை. நான் மேலே சொன்னதெல்லாம் ஒரு பழைய போட்டோ ஆல்பத்தை வைத்துக்கூடச் செய்யலாம், இஷ்டத்துக்கு ஒரு பக்கத்தைத் திறந்து அதில் இருக்கிற ஆளின் வாயால் பேசுங்கள். மறைத்து மட்டும் செய்யாதீர்கள். ஒன்றைக் கவனித்தீர்களா, அம்மா அந்தக் கட்டை அடுப்பிலும் போடவில்லை, ஆற்றிலும் விடவில்லை. தினமும் நீங்கள் அரிசி அளக்கக் கையை விடுகிற பானையில் போட்டிருக்கிறார்.

பெங்களூர் கேள்விக்கு இப்போது பதில் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். நான்கு பக்கக் கடிதத்தில் வேலை போனதைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது, அதுவும் அடைப்புக்குறிக்குள். இரண்டு வருடம் நீங்கள் சொன்னதை ஒரு டீமே கேட்டது. பத்து மாதமாக உங்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை, வீட்டில் ஒருவர் மட்டும் இன்னும் ஆசானாகவே இருக்கிறார், அவரிடம் பையன்கள் வந்து பழகிப் போகிறார்கள். போனில் 300 ரூபாய் கொடுத்து உங்களிடம் கேட்கிறவர்கள் ஏன் அத்தனை முக்கியமாகிப் போனார்கள் என்று எனக்குப் புரிகிறது. அதில் அசிங்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வலிக்கு வேறு இடத்தில் மருந்து பார்க்க வேண்டும். வேலைக்கு விண்ணப்பம் போடுங்கள், தேவைப்பட்டால் நேரில் வந்து ஒரு ஆலோசகரிடம் பேசுங்கள், நாகர்கோவிலோ மார்த்தாண்டமோ எது வசதியோ. கோபத்தில் மட்டும் பஸ் ஏறாதீர்கள். அப்பாவிடம் பேசிய பிறகும் போகவேண்டும் என்று தோன்றினால் அப்போது போங்கள், தப்பே இல்லை.

மன்னிப்பை எப்போது கேட்பது என்று திரும்ப எழுதிக் கேட்பீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டு நேரம் வேண்டாம், அது மூன்று வாரமாகக் கெட்டுக் கிடக்கிறது. காலையில் நாலு மணிக்கு அவர் இறங்கும்போது கூடவே இறங்குங்கள். சிரட்டைகளில் உறைந்து கிடக்கிற ஒட்டுப்பாலைப் பிய்த்து வாளியில் போடத் தெரியும்தானே, சின்ன வயதில் செய்ததாக எழுதியிருந்தீர்கள். ஐம்பது, அறுபது மரம் தாண்டும்வரை ஒன்றும் பேச வேண்டாம். மழை பெய்திருந்தால் அட்டை ஏறும், காலில் உப்பைத் தடவிக்கொள்ளுங்கள். முந்தின ராத்திரியே அவருடைய நெற்றி லைட்டையும் உங்களுக்கு ஒன்றையும் சார்ஜில் போட்டுவிடுங்கள்.